முகமில்லாத தேசிங்கும் சூறாவளி பொம்மையும்

ஏறிட்டியா? போர்வையை இழுத்துக்கிட்டியா? தலகாணி சரியா இருக்கா? இனிமே தண்ணி வேணும், கொசு கடிக்குதுன்னு நடுவுல இறங்கக் கூடாது. சரி. ரைட், போலாம்.

ஒரு ஊர்ல ஒரு ஆளு இருந்தான். அவனுக்கு முகமே கிடையாது.

அது எப்படின்னா? கேளு, சொல்றேன். நீ ‘ம்’ மட்டும் போடணும். வேற பேச்சு வேண்டாம்.

ஊர் பேரு சாலிகிராமம். தெருவுக்கு ஒரு ஸ்டுடியோ இருந்த காலம். ஆளு பேரு தேசிங்கு. ஒல்லி உடம்பு, ஒடிச்சா ஒடியாது, வளைச்சா வளையும். அவன் வேலை என்னன்னா, சினிமாவுல குதிக்கறது. கதாநாயகன் மொட்டைமாடி ஓரம் வரைக்கும் ஸ்டைலா ஓடி வருவாரு. அங்க ‘கட்’. அப்புறம் அதே சட்டையை மாட்டிக்கிட்டு தேசிங்கு வருவான். தொம்! குதிப்பான். மறுபடியும் ‘கட்’. அப்போ கதாநாயகன் நிதானமா வந்து அந்த இடத்துல படுத்து, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்திருப்பாரு. தியேட்டர்ல விசில் அவருக்கு. முட்டில சிராய்ப்பு இவனுக்கு. அந்த வேலைக்கு டூப்புன்னு பேரு.

டூப்புக்கு ஒரே ஒரு சட்டம்தான். முகம் தெரியக் கூடாது. தெரிஞ்சா போச்சு. அதனால ஸ்டண்ட் மாஸ்டர் ஓரமா நின்னு கத்திக்கிட்டே இருப்பாரு. “முகத்தைத் திருப்புடா! முகத்தைத் திருப்புடா!” தேசிங்கு திருப்பிக்குவான். எண்பது படம். எண்பதுலயும் அவன் முதுகு உண்டு, முகம் இல்லை. இப்போ புரிஞ்சுதா? ம் போடு.

அப்போ ஒரு உளவாளிப் படம் எடுத்தாங்க. ‘சி.ஐ.டி. சூறாவளி’ன்னு பேரு. சூறாவளிங்கறது பொம்பளை உளவாளி. நீளப் பின்னல், சிவப்புச் சட்டை, கறுப்பு பேன்ட், முழங்கால் வரைக்கும் பூட்ஸ். கூட இன்ஸ்பெக்டர் வேந்தன்னு ஒரு ஆளு. எதிரி யாருன்னா டாக்டர் கருந்தேள். அவனுக்கு ஒரு கை தேள் கொடுக்கு மாதிரி, கிர்ர்னு சுத்தும். படம் ஓடுச்சு பாரு, அப்படி ஒரு ஓட்டம்! ஒண்ணு எடுத்து, ரெண்டு எடுத்து, அஞ்சு வரைக்கும் எடுத்தாங்க.

சூறாவளியா நடிச்சது குமாரி கனகாங்கி. நல்லா நடிப்பாங்க. ஆனா ஒரு படி ஏறினா தலை சுத்தும். பொம்பளை டூப் அப்போ ஒருத்தர்கூட கிடைக்கலை. மாஸ்டர் சுத்திச் சுத்திப் பாத்தாரு. ஒல்லியா ஓரமா நின்ன தேசிங்கு கண்ணுல பட்டான்.

“டேய், மீசையை எடு.”

அவ்வளவுதான். மீசை போச்சு. தலைல பின்னல் வந்துச்சு. இடுப்புல பெல்ட்டு. நம்ம தேசிங்கு, சி.ஐ.டி. சூறாவளி ஆயிட்டான்.

சிரிக்காத. சிரிச்சா நிறுத்திடுவேன்.

முதல் படத்துல ஜன்னல் கண்ணாடியை உடைச்சுக்கிட்டு வெளியே பாயணும். சினிமாவுல அதுக்குன்னு ஒரு பொய்க் கண்ணாடி வெப்பாங்க, குத்தாது. அன்னைக்கு யாரோ மறந்து நிஜக் கண்ணாடியை வெச்சுட்டாங்க. சலீர்! இடது புருவம் நடுவுல பிளந்துடுச்சு. அந்த இடத்துல அப்புறம் முடியே முளைக்கலை.

ரெண்டாவது படத்துல தண்ணித் தொட்டி மேலேருந்து ஓடற வைக்கோல் லாரில குதிக்கணும். குதிச்சான். வைக்கோலுக்குள்ள ஒரு கடப்பாரை இருந்துருக்கு. டமால்! இடது கை சுண்டுவிரல் ஒடிஞ்சு, ஆறும்போது கொக்கி மாதிரி வளைஞ்சு ஆறிடுச்சு.

மூணாவது படத்துலதான் சங்கதி இருக்கு. தூங்கிட்டியா? ம்... சரி.

மூணாவது படத்துல கருந்தேளை எட்டி உதைக்கணும். தேசிங்கு இடது கால்காரன். காலைத் தூக்கினான்னா அவன் நெத்தி உயரத்துக்குப் போகும். விஷ்ஷ்! உதைச்சான். உதைச்ச வேகத்துல உடம்பு சுத்திடுச்சு. முகம் நேரா கேமராவைப் பாத்துடுச்சு. “முகத்தைத் திருப்புடா!”ன்னு மாஸ்டர் கத்தறதுக்குள்ள, ஓரமா நின்ன போட்டோக்காரர் டக்குன்னு ஒரு படம் புடிச்சுட்டாரு. “சினிமால நான் பட்ட பாட்டுக்கு என் முகம் தெரிஞ்சது அந்த ஒரு போட்டோலதான்”னு பின்னாடி தேசிங்கே சொல்லுவான்.

அப்போ கிண்டிப் பக்கம் ஒரு பிளாஸ்டிக் கம்பெனி, இந்தப் படத்து ஆளுங்களை எல்லாம் பொம்மையா செய்யறோம்னு கேட்டுக்கிட்டு வந்தாங்க. ஒரு சாண் உயரப் பொம்மை. முதுகுல ஒரு பொத்தான். அமுக்கினா வேந்தன் துப்பாக்கியைத் தூக்குவாரு. கருந்தேளுக்குக் கொடுக்கு சுத்தும். சூறாவளி உதைப்பா. அதுக்கு சூறாவளி உதைக்கற மாதிரி போட்டோ வேணும்னு கேட்டாங்க. கனகாங்கி அம்மா எங்க உதைச்சாங்க? ஸ்டுடியோல ஒருத்தன் போட்டோக் கட்டைப் புரட்டினான். பின்னல் இருக்கா, இருக்கு. சிவப்புச் சட்டை இருக்கா, இருக்கு. கால் தூக்கியிருக்கா, தூக்கியிருக்கு. எடுத்து அனுப்பிட்டான்.

அச்சு வெட்டினவரு ஒரு பெரியவர். சினிமாவே பாக்க மாட்டாரு. கனகாங்கியைக் கண்டாரா, கத்தரிக்காயைக் கண்டாரா! போட்டோல இருக்கறதை அப்படியே வெட்டினாரு. பிளந்த புருவம், வளைஞ்ச சுண்டுவிரல், தூக்கின இடது கால், ஒண்ணு விடலை. நல்ல வேலைக்காரன் வேற, தொண்டைல இருந்த குமிழைக்கூட விடலை.

பொம்மை கடைக்கு வந்துச்சு. பசங்க வாங்கினாங்க. ஒரு மாசம் கழிச்சு கனகாங்கி அம்மா கைல ஒண்ணு கிடைச்சுது. திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. “யாருங்க இது? எங்க பெரிய அண்ணன் மாதிரி இருக்கு!”ன்னு ஒரு சத்தம். அவ்வளவுதான். அச்சை உடைச்சாச்சு. கனகாங்கி முகத்துல வேற அச்சு வெட்டியாச்சு. முதல்ல வித்தது வித்ததுதான், எங்கெங்கயோ போயிடுச்சு.

அந்த ஒரு மாசத்துல ஒருநாள், பழைய மூர் மார்க்கெட்டுல தேசிங்கு நடந்து போறான். கூட அவன் பக்கத்து வீட்டு முனிரத்தினம். இந்த முனிரத்தினம் ஒரு பஸ் கண்டக்டர். வாய் கொஞ்சம் நீளம். ஆனா நல்லவன். ரொம்ப நல்லவன். அதை மறந்துடாத.

கடை வாசல்ல பொம்மை தொங்குது. தேசிங்கு நின்னுட்டான். எண்பது படத்துல காணாத முகம், ஒரு சாண் உயரத்துல, கயித்துல ஆடுது! ஒண்ணு வாங்கலாம்னு கை நீண்டுது.

“என்னடா, பொம்பளை பொம்மையை முறைச்சுப் பாக்கிற?”ன்னான் முனிரத்தினம்.

கை மடங்கிடுச்சு.

ஏன்னா தேசிங்கு ஊரெல்லாம் ஒரு பொய் சொல்லி வெச்சிருந்தான். “நான் இன்ஸ்பெக்டர் வேந்தனுக்கு டூப்பு.” அம்மாகிட்ட அப்படி, டீக்கடைல அப்படி, பின்னாடி கட்டிக்கிட்ட பொண்டாட்டிகிட்டயும் அப்படி. மீசை எங்கடான்னு கேட்டா, திருப்பதி. வருஷத்துக்கு ரெண்டு தடவை திருப்பதியான்னு கேட்டா, வேண்டுதல். பின்னல் கட்டிக்கிட்டுக் குதிச்சேன்னு சொல்ல வாய் வரலை. பொம்மையைப் பாத்ததுல அவனுக்குச் சந்தோஷமும் வெக்கமும் ஒண்ணா வந்துச்சு. வெக்கம் ஒரு அடி முன்னால வந்துடுச்சு. திரும்பிப் பாக்காம நடந்துட்டான்.

அப்புறம் வருஷம் ஓடுச்சு. சர்ர்ர்னு ஓடுச்சு. தேசிங்குக்கு அறுபது தாண்டியாச்சு. மீசை திரும்ப வந்து நரைச்சுக்கூடப் போச்சு.

ம் எங்க? ம்.

ஒரு ஞாயித்துக்கிழமை, வடபழனில ஒரு கல்யாண மண்டபத்துல பழைய சினிமா பொம்மைக் கண்காட்சின்னு போர்டு போட்டுருந்தாங்க. முனிரத்தினம் வந்து நின்னான். “வாடா, உங்க சூறாவளி பொம்மை எல்லாம் வெச்சிருக்காங்களாம். உன் வேந்தனும் இருப்பான்.” தேசிங்கு வரலைன்னான். முனிரத்தினம் விடுவானா? கையைப் புடிச்சு இழுத்துக்கிட்டுப் போயிட்டான்.

உள்ள கண்ணாடிப் பெட்டி. வரிசையா வேந்தன், கருந்தேள், கருந்தேளோட நாய், சூறாவளி ஜீப். நடுவுல கனகாங்கி முகத்தோட சூறாவளி, வலது காலைத் தூக்கிக்கிட்டு. பசங்க மாதிரி பெரிய ஆளுங்க எல்லாம் மூக்கைக் கண்ணாடில ஒட்டிக்கிட்டுப் பாக்கறாங்க. எல்லாத்துக்கும் பெரியவரு சபேசன்னு ஒருத்தர். கைல பூதக்கண்ணாடி. அஞ்சு சூறாவளிப் படத்தையும் நாப்பது தடவை பாத்தவரு. அவரு நிஜம்னு சொன்னா நிஜம், போலின்னா போலி. போலிக்கு ஒட்டறதுக்குன்னு சிவப்பு ஸ்டிக்கர் ஒரு கட்டு வெச்சிருந்தாரு.

அப்போ ஒரு அம்மா வந்தாங்க. ரெஜினா டீச்சர். பள்ளிக்கூடத்துல பசங்களை ஓட வெக்கற டீச்சர். கழுத்துல விசில். பைல துணி சுத்தின ஒரு பொம்மை. பிரிச்சு மேசை மேல வெச்சாங்க. பின்னல் பாதி அறுந்திருக்கு, சிவப்புச் சட்டை வெளுத்து ரோஸ் ஆயிடுச்சு. தேசிங்கு பாத்தான். அதேதான். மூர் மார்க்கெட்டுல கயித்துல ஆடின அதே முகம்.

சபேசன் பூதக்கண்ணாடியை வெச்சுப் பாத்தாரு. உதட்டைப் பிதுக்கினாரு.

“போலிங்க டீச்சர். முகம் கனகாங்கியே இல்லை. புருவத்துல கீறல், விரல் கோணல், காலும் தப்பான கால். எவனோ திருட்டுத்தனமா அச்சு போட்டிருக்கான்.”

“இல்ல சார், எங்க அப்பா மூர் மார்க்கெட்டுல வாங்கித் தந்தது. நிஜமான பெட்டியோட.”

“பெட்டி எங்க?”

“ஏழு வயசுப் புள்ளை பெட்டியைப் பத்திரம் பண்ணுமா சார்?”

கூட்டம் கொல்லுன்னு சிரிச்சுது. எல்லாரையும்விட சத்தமா சிரிச்சது யாரு? முனிரத்தினம். “பாருடா தேசிங்கு! ஆம்பளை மூஞ்சி. மீசை ஒண்ணுதான் குறைச்சல்!”

தேசிங்குக்குக் காது ரெண்டும் சுட்டுது. வாசல் எந்தப் பக்கம்னு பாத்தான்.

சபேசன் சிவப்பு ஸ்டிக்கரை உரிச்சாரு. அந்தப் பொம்மை நெத்திலதான் ஒட்டணும். டீச்சர் கையை நீட்டி பொம்மையை மறைச்சுக்கிட்டாங்க.

“ஒட்டுங்க சார், நீங்க பெரியவங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். எங்க தெருவுல பொட்டப்புள்ளை சுவர் ஏறினா கால்ல சூடு வெப்பாங்க. நான் இவளைப் பாத்துத்தான் ஏறினேன். இவ புருவத்துல காயம் இருக்கே, விரல் ஒடிஞ்சிருக்கே, அப்பவும் உதைக்கறாளே, நமக்கு என்னன்னு ஏறினேன். மத்த பொம்மை எல்லாம் அழகா இருக்கும். இவ ஒருத்திதான் நிஜமா விழுந்து எழுந்தவ மாதிரி இருப்பா. இவ போலின்னா, நான் ஏறின சுவர் எல்லாம் என்ன சார்?”

தேசிங்கு வாசலைப் பாத்த கண்ணைத் திருப்பினான்.

ஸ்டிக்கர் இறங்குது. இன்னும் ஒரு விரற்கடைதான். இப்போ வாயைத் திறந்தா நாப்பது வருஷப் பொய் உடையும். நாளைக்கு டீக்கடைல உக்கார முடியாது. திறக்கலைன்னா, அவனுக்குன்னு உலகத்துல இருக்கற ஒரே முகத்து மேல ‘போலி’ன்னு ஒட்டிடுவாங்க.

“ஒட்டாதீங்க சார்.”

எல்லாரும் திரும்பினாங்க.

“அது போலி இல்ல. அது நான்தான்.”

மண்டபம் இடிஞ்சு விழற மாதிரி சிரிப்பு. முனிரத்தினம் ஓடி வந்து தோளைப் புடிச்சான். “டேய், வெயில்ல வந்தியேடா, உக்காரு. நீ வேந்தனுக்குத்தானே டூப்பு?”

“பொய் சொன்னேன்டா. சூறாவளிக்குத்தான் குதிச்சேன். அஞ்சு படமும். பின்னல் கட்டிக்கிட்டு.”

முனிரத்தினம் வாய் அப்படியே நின்னுடுச்சு. அவன் வாய் நின்னது அன்னைக்கு ஒருநாள்தான்.

சபேசன் விடலை. “யாரு வேணா சொல்லலாம் பெரியவரே. அத்தாட்சி?”

தேசிங்கு மூக்குக்கண்ணாடியைக் கழட்டினான். சபேசன் பூதக்கண்ணாடியை அவன் இடது புருவத்துல வெச்சாரு. அப்புறம் பொம்மை புருவத்துல. மறுபடியும் இவன் புருவத்துல. ஒரே இடம், ஒரே கோடு. “ம்... யாருக்கும் படற காயம்தான்”னாரு.

தேசிங்கு இடது கையை நீட்டினான். சுண்டுவிரல் கொக்கி மாதிரி நிக்குது. பொம்மையோட விரலைப் பக்கத்துல வெச்சாங்க. அதே கொக்கி. சிரிச்சுக்கிட்டிருந்தவங்க பாதிப் பேரு நிறுத்திட்டாங்க. சபேசன் மட்டும் தலையை ஆட்டினாரு. “விரல் சரி. கால்? சூறாவளி வலது காலாலதான் உதைப்பா. கனகாங்கி வலது கால்காரங்க. நாப்பது தடவை பாத்துருக்கேன்.”

அப்போ தேசிங்கு சொன்னான் பாரு:

“நாப்பத்தோராவது தடவை பாருங்க சார். முகம் தெரியறப்போ எல்லாம் வலது கால். முகம் தெரியாதப்போ எல்லாம் இடது கால்.”

சபேசன் கண்ணை மூடிக்கிட்டாரு. அஞ்சு படமும் அவரு தலைக்குள்ள ஓடுது. ரயில் சண்டை... இடது கால். கலங்கரை விளக்கம்... முதுகு, இடது கால். கண்ணைத் திறந்தாரு. நெத்தி வேர்த்திருக்கு.

“ஒரே ஒரு தடவை உதைச்சுக் காட்டுவீங்களா?”ன்னாரு. இப்போ குரல்ல மிரட்டல் இல்லை.

அறுபத்தொரு வயசு. முட்டி வலி வேற. எதை உதைக்கறது? அவன் உயரத்துக்கு ஒரு இலக்கு வேணுமே. யாரும் முன்னால வரலை. அப்போ முனிரத்தினம், குடிச்சு வெச்ச காபி காகிதக் கப்பை எடுத்தான். தன் தலை மேல கவுத்து வெச்சுக்கிட்டான். நேரா வந்து நின்னான்.

“உதைடா. நான்தானே சத்தமா சிரிச்சேன்.”

“அசையாத.”

“அசைஞ்சா என் தலை போகும், அசையலைன்னா உன் பேரு நிக்கும். அடிடா.”

தேசிங்கு வேட்டியை மடிச்சுக் கட்டினான். செருப்பைக் கழட்டினான். ரெண்டு அடி பின்னால போனான். ஒரு மூச்சு. இடது கால் தரையை விட்டுச்சு...

விஷ்ஷ்ஷ்!

கப்பு பறந்து சுவத்துல போய் அடிச்சுது. டக்! தலைமுடி ஒண்ணு கலையலை. காத்து மட்டும்தான். சைக்கிள் பம்புல அடிச்ச மாதிரி ஒரு காத்து, இப்பவும் இந்த இடது காதுல...

என்ன? யாரு காதா? முனிரத்தினம் காதுன்னுதான் சொன்னேன். குறுக்க வராத. ம் போடு.

உதைச்ச வேகத்துல தேசிங்கு உடம்பு சுத்திடுச்சு. முகம் நேரா கூட்டத்தைப் பாத்துது. திருப்புடான்னு கத்தறதுக்கு அங்க யாரும் இல்லை. அவனும் திருப்பலை. பாத்துக்கிட்டு நின்னான். அப்புறம் பாரு கைதட்டு! மழை மாதிரி. ரெஜினா டீச்சர் கழுத்துல கிடந்த விசிலை எடுத்து ஊதினாங்க. பீ...ப்! எண்பது படத்துல வராத விசில்.

சபேசன் சிவப்பு ஸ்டிக்கரைக் கசக்கிப் பைல போட்டுக்கிட்டாரு. ஒரு வெள்ளை அட்டை எடுத்தாரு. அழகான கையெழுத்துல எழுதினாரு. ‘சி.ஐ.டி. சூறாவளி. முதல் அச்சு. முகம்: தேசிங்கு.’ கனகாங்கி பொம்மையைக் கொஞ்சம் தள்ளி வெச்சுட்டு, டீச்சர் பொம்மையைக் கண்ணாடிப் பெட்டி நடுவுல நிக்க வெச்சு, அட்டையைக் கால்மாட்டுல சாத்தினாரு. தேசிங்கு அந்த அட்டையை மூணு தடவை படிச்சான். நாலாவது தடவை எழுத்து கலங்கித் தெரிஞ்சுது.

டீச்சர் சொன்னாங்க, “ஐயா, கண்காட்சி முடிஞ்சதும் இவளை நீங்களே எடுத்துக்கிட்டுப் போங்க. உங்க முகமாச்சே.”

தேசிங்கு தலையை ஆட்டினான். “என்கிட்ட இருந்தா அலமாரில நிப்பா டீச்சரம்மா. உங்ககிட்ட இருந்தா சுவர் ஏறுவா. நீங்களே வெச்சுக்குங்க.”

திரும்பி வர பஸ் ஏறினாங்க. மன்னிப்பு எல்லாம் முனிரத்தினத்துக்குக் கேக்கத் தெரியாது. ஜன்னலோர சீட்டைக் காட்டி, “உக்காரு”ன்னான். நாப்பது வருஷமா அந்த சீட்டை அவன் யாருக்கும் விட்டதில்லை.

மறுநாள் காலைல டீக்கடை. எல்லாருக்கும் சேதி போயாச்சு. எல்லாரும் சிரிக்கத் தயாரா உக்காந்திருக்காங்க. தேசிங்கு வரான். பாத்தா, மீசை இல்லை! மழமழன்னு வழிச்சிருக்கான்.

“என்னண்ணே, திருப்பதியா?”ன்னாரு கடைக்காரரு.

“இல்லப்பா”ன்னான் தேசிங்கு. பெஞ்சுல உக்காந்தான். எல்லாருக்கும் நேரா உக்காந்தான். “முகம் நல்லா தெரியட்டும்னு.”

ஒருத்தரும் சிரிக்கலை. கடைக்காரரு முதல் டீயை அவனுக்குத்தான் குடுத்தாரு.

அவ்வளவுதான்.

என்ன முழிச்சுப் பாக்கிற? நம்ம வீட்டு வாசல் பலகைல என்ன பேரு எழுதியிருக்குன்னா கேக்கற? படிக்கத் தெரிஞ்ச புள்ளைங்களுக்குக் கதையே சொல்லக் கூடாது. ஆமா, முனிரத்தினம்னுதான் எழுதியிருக்கு. அதுக்கென்ன இப்போ?

காலைல டீக்கடைக்குக் கூட்டிக்கிட்டுப் போறேன். நீயே பாரு, அந்தச் சுண்டுவிரலை. தொட்டுக்கூடப் பாரு, ஒண்ணும் சொல்ல மாட்டான். என் சிநேகிதன்தான்.

வண்டி டெப்போவுக்கு வந்தாச்சு. கதையை இறக்கி விட்டாச்சு. விளக்கை அணைக்கறேன், தூங்கு.